ஆறு நிமிட நடை

“நடங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினேன். முத்துப்பேச்சியம்மா நடக்கத் தொடங்கினார். மூன்றாம் மாடி வராந்தா, இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அந்தக் கோடியில் ஒரு கூம்பு, நடுவே முப்பது மீட்டர். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. கூடவே நடக்கக் கூடாது, நடந்தால் என் வேகத்துக்கு இழுத்துவிடுவேன். சீக்கிரம் என்று சொல்லக் கூடாது, மெதுவாக என்றும் சொல்லக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு வாக்கியம் உண்டு, அச்சடித்த வாக்கியம், அதையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். மற்ற நேரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக இந்த வராந்தாவில் இப்படி நின்றிருக்கிறேன், நோயாளிகளுக்கு நான் எக்ஸர்சைஸ் மேடம், வடிவு என்ற பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருக்கிறது. ஒருநாளும் இந்த ஆறு நிமிடம் எனக்கு நீளமாக இருந்ததில்லை. இன்று ஐந்து செகண்டுகூட ஆகவில்லை, கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். இருநூற்றைம்பது. வியாழக்கிழமை ஈரல் மாற்று ஆபரேஷன் கமிட்டி கூடும்போது ஈரல் டாக்டர் ஃபெலிக்ஸ் முதலில் கேட்கப்போவது இந்த எண்ணைத்தான். இருநூற்றைம்பது மீட்டருக்குக் குறைவாக நடக்கிற உடம்பை ஆபரேஷன் மேசையில் ஏற்றுவதில்லை என்று இங்கே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். பத்து மணி நேரம் அறுப்பு, பிறகு தொண்டையில் குழாய், பிறகு நாள்கணக்கில் படுக்கை. அதைத் தாங்கச் சதை வேண்டும். மகள் இந்துமதி தன் ஈரலில் பாதிக்கு மேல் அம்மாவுக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளுக்குச் சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. அம்மாவுக்கு இந்த நடை ஒன்றுதான் பாக்கி.

முதல் கூம்பைச் சுற்றித் திரும்புகிறார். செருப்பு வழுக்குது மேடம் என்று கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார். சேலைக்குக் கீழே கணுக்கால் தெரிகிறது. அதைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கலாம், ஆனால் பார்வை அங்கேதான் போகிறது. கணுக்காலில் நீர் வைத்து வீங்கியிருக்கிறது, அதற்கு மேலே கால் சட்டென்று குச்சியாகிவிடுகிறது. ஆடுதசை என்று ஒன்று இருந்த இடத்தில் தோல் தொளதொளவென்று ஆடுகிறது. முப்பது வருடம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிய உடம்பு, ஆனாலும் தண்ணீர்க் குடம் தூக்கிய கால் அது, நாலு மாதத்துக்கு முன்பு வந்தபோது உருண்டையாகத்தான் இருந்தது. அன்றைக்கு இதே வராந்தாவில் முந்நூற்றுப் பதினைந்து மீட்டர் நடந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். ஃபைலில் என் கையெழுத்தில் இருக்கிறது, 315. மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் இருப்பது தெரியாமல் இருபது வருடம் இருந்து ஈரல் சுருங்கிப்போனவர். ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் ஈரல் என்றதும் தெருவில் எல்லோரும் புருஷனைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்களாம், அவர் குடித்து இவருக்கு வந்ததுபோல. அவர் பெயர் ஆவுடையப்பன். அதோ பெஞ்சில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மனைவி போகும் பக்கம் தலையும் போகிறது, வரும் பக்கம் வருகிறது. ஒரு நிமிடம். “நல்லா நடக்கீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு” என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது.

நாற்பத்தெட்டு மீட்டர் இருக்கும். இதே வேகம் போனால் தாண்டிவிடுவார், ஆனால் யாரும் கடைசிவரை இதே வேகத்தில் போவதில்லை. தொடங்குவதற்கு முன் எல்லாம் பார்த்தாயிற்று. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி மணிக்கட்டை மடக்கச் சொன்னேன், விரல்கள் ஆடவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்றேன், திங்கள் என்றார், சரி, மூளையில் குழப்பம் இல்லை. சர்க்கரை பார்த்தேன். என்ன சாப்பிட்டீங்க என்றேன், ரெண்டு இட்லி என்றார். வயிற்றில் நீர் இருக்கிறது, இறுகவில்லை. எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டைப் பார்த்தேன், ஒரு தடவை, இரண்டு தடவை, தேதியை விரல் வைத்து மூன்றாம் தடவை. உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய்களுக்கு வளையம் போட்டு அடைத்தாயிற்று, திரும்பப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றும் எழுதியாயிற்று. தெரியும். ஆனாலும் பார்க்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு என்னிடம் வந்த ஞானதுரையின் ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவர் பஸ் கண்டக்டர், ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரல் கெட்டவர். ‘நம்ம வண்டியில ஏறுறவன விட நான் சுறுசுறுப்பா இருக்கணும்லா மேடம்’ என்பார். ஃபைலைப் புரட்டினேன், எண்டோஸ்கோபிக்கு எழுதிய சீட்டு இருந்தது, செய்த ரிப்போர்ட் இல்லை. கேட்டேன். அடுத்த வாரம் வச்சிருக்கேன் மேடம், லீவு கெடைக்கல என்றார். அடுத்த வாரம்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த இடம்கூட ஞாபகம் இருக்கிறது, ஜன்னல் ஓரம், அவர் நாற்காலியில், நான் நின்றுகொண்டு. இரண்டு கிலோ எடை, ஒவ்வொரு கைக்கும் பத்துத் தடவை என்று எழுதிக் கொடுத்தேன். முக்கக் கூடாது, மூச்சு அடக்கக் கூடாது, தூக்கும்போது மூச்சை விடணும் என்று சொன்னேன். சொன்னேனா? சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான். அன்றைக்குச் சொன்னேனா என்று கேட்டால், எல்லோரிடமும் சொல்வதுதான் என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது, அன்றைக்கு அந்த ஜன்னலோரத்தில் என் வாய் அசைந்ததா என்பது மட்டும் வர மறுக்கிறது. “நல்லா நடக்கீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

ஒன்பதாம் நாள் காலையில் பயிற்சி செய்து முடித்து முகம் கழுவக் குனிந்த ஞானதுரை, கழுவுகிற தொட்டி நிறைய ரத்தமாகக் கக்கினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இன்னொரு தடவை. இங்கே கொண்டுவந்தபோது நான் இதே வராந்தாவில் இன்னொருவருக்கு நடை பார்த்துக்கொண்டிருந்தேன், ஸ்ட்ரெச்சர் கீழே போன சத்தம் கேட்டது, யாரென்று தெரியாது. டாக்டர் ஃபெலிக்ஸ் மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “அந்த ரத்தக்குழாய் எப்ப வேணாலும் வெடிச்சிருக்கும் வடிவு. பஸ்ல நிக்கும்போது வெடிச்சிருக்கலாம். இருமும்போது வெடிச்சிருக்கலாம். நீங்கன்னு சொல்ல முடியாது.” நீங்க இல்லன்னு அவர் சொல்லவில்லை. நீங்கன்னு சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் ஒன்றரை வருடமாகக் குடியிருக்கிறேன். யாரும் விசாரிக்கவில்லை, யாரும் எழுதிக் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி செல்வரதி வந்தார், மீதி மாத்திரைகளை ஏழை யாருக்காவது கொடுங்கள் என்று ஒரு பையில் கொண்டுவந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொன்னத ஒரு நாளும் விடல மேடம். ஒம்பது நாளும் சந்தோசமா இருந்தாவ. கை வலுவாகுதுன்னு என்கிட்ட மடக்கிக் காட்டுனாவ.” திட்டியிருந்தால் நான் எதையாவது சொல்லியிருப்பேன். லீவு கிடைக்கவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர்தான் சொன்னார் என்றாவது சொல்லியிருப்பேன். அவர் என் கையைத் தடவிக்கொண்டே நின்றார், நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கே இருக்கிறார் முத்துப்பேச்சியம்மா? இந்தக் கோடிக் கூம்பைச் சுற்றிக்கொண்டு போகிறார். எத்தனையாவது? நாலு முடிந்து ஐந்தாவது. கையில் இருக்கும் எண்ணியைப் பார்த்தேன், நாலு என்றுதான் காட்டுகிறது. என் விரல் நானில்லாமலே வேலை செய்திருக்கிறது. மூன்றாவது நிமிடம். “நல்லா நடக்கீங்க. பாதி முடிஞ்சிட்டு.” அச்சடித்ததில் ‘முடிந்தது’ என்றிருக்கும், பரவாயில்லை.

நூற்று முப்பத்தெட்டு. வேகம் குறைகிறது. உதடு பிரிந்துவிட்டது, வாயால் மூச்சு விடுகிறார். விரலில் மாட்டிய கருவியில் நாடித்துடிப்பு எழுபத்தெட்டு என்று காட்டும், அதை நம்பக் கூடாது, ரத்தக்குழாய் அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரை நாடியை ஏற விடாது, முகத்தைத்தான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கூம்பைப் பார்க்கிறார். ஞானதுரைக்குப் பிறகு நான் எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதினேன். ஈரல் நோயா, வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் மெதுவாக நடக்கவும். காலில் பலமிருக்கிறவருக்கும் அதுதான், எழவே முடியாதவருக்கும் அதுதான். யாருக்கும் ரத்தம் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் யாருக்கும் ரத்தம் வரவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். முத்துப்பேச்சியம்மா நாலு மாதத்துக்கு முன்பு வந்தபோது ஃபைலில் எல்லாம் இருந்தது. வளையம் போட்ட ரிப்போர்ட் இருந்தது. டாக்டர் ஃபெலிக்ஸ் தன் கையால் எழுதியிருந்தார், எடைப் பயிற்சி தொடங்கலாம், கால் தசைக்கு முக்கியத்துவம் தரவும் என்று. அதைப் படித்தேன். பேனாவை எடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை என்று எழுத ஆரம்பித்து, நாற்காலி என்ற சொல் வரைக்கும் எழுதி, அடித்துவிட்டேன். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் என்று எழுதினேன். ஈரல் நோய்க்காரர் உடம்பு தன் சதையைத் தானே எடுத்துத் தின்னும், வேலை கொடுத்து, வேளைக்குச் சாப்பாடு கொடுத்து, படுக்கப்போகும் முன் இன்னொரு முறை சாப்பாடு கொடுத்துத்தான் அதைத் தடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? மாணவிகளுக்கு வகுப்பில் சொல்லித்தருவதே நான்தானே. எடை தூக்கிச் செத்தால் அது என் சீட்டால் செத்தது. சும்மா இருந்து கரைந்து செத்தால் அது நோயால் செத்தது. எந்தச் சாவில் என் பெயர் இருக்காதோ அதைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை இவ்வளவு தெளிவாக இதற்கு முன்பு நான் எனக்கே சொன்னதில்லை. “நல்லா நடக்கீங்க. இன்னும் ரெண்டு நிமிஷந்தான் இருக்கு.”

நின்றுவிட்டார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். ஆவுடையப்பன் பாதி எழுந்துவிட்டார், ஸ்கேன் உறை கீழே விழுந்தது. நான் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது, அதுதான் விதி. “முடியும்போது திரும்ப நடங்கம்மா” என்று சொல்ல அனுமதி உண்டு, சொன்னேன். அவர் தலையாட்டினார். குனிந்து வாயைக் கையால் பொத்தினார். என் கால் தானாக முன்னால் போய்விட்டது. பொத்திய கைக்குள் என்ன இருக்கிறது? கையை எடுங்கள், கையை எடுத்துக் காட்டுங்கள். அப்படிச் சொல்ல அனுமதி இல்லை. அவர் கையை எடுத்தார், சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார், எச்சில்தான், வெறும் எச்சில். பத்து செகண்ட். இருபது. வராந்தா வழியாக ஒரு நர்ஸ் ஊசித் தட்டோடு போனாள், கூம்பைச் சுற்றிக்கொண்டு போனாள். முப்பது. அவர் மூச்சை எண்ணினேன், எதற்கு என்று தெரியவில்லை. நாற்பது செகண்டில் சுவரை விட்டு நடக்கத் தொடங்கினார். நூற்று எண்பது தாண்டுகிறது. “நல்லா நடக்கீங்க. இன்னும் ஒரு நிமிஷந்தான்.” இதைச் சொல்லும்போது என் குரல் மாறிவிட்டது. அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும், வேகத்தைக் கூட்டினார், அதிகமாகவே கூட்டினார், தோள் இரண்டும் முன்னால் வந்து கழுத்து நரம்பு தெரிய நடக்கிறார்.

இனி கணக்கு எளிது. நூற்று எண்பத்தெட்டும் நாற்பத்திரண்டோ நாற்பத்துநாலோ. எட்டாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு தடவை கூடுதலாக எண்ணினால் எட்டும். எண்ணி என் கையில்தான் இருக்கிறது, கட்டைவிரலால் ஒரு அழுத்து. யார் எண்ணுகிறார்கள்? ஆவுடையப்பன் எண்ணவில்லை, அவர் மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கிறார். வியாழக்கிழமை இருநூற்று அறுபத்திரண்டு என்று சொல்வேன், டாக்டர் தலையாட்டுவார், இந்துமதி லீவு சொல்லிவிட்டு வந்து படுப்பாள், அறுப்பார்கள். அதன்பிறகு இந்தக் கால்கள். இந்தக் கால்களோடு பத்து மணி நேரம். தொண்டையில் குழாய் எடுத்த பிறகு இருமக்கூட நெஞ்சில் சதை இல்லாத ஒரு உடம்பு, பக்கத்து அறையில் வயிற்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிற மகள். பொத்தான் மேல் கட்டைவிரல் இருக்கிறது. நான் அழுத்தவில்லை. நேர்மையாக இருந்ததால் அழுத்தவில்லையா, அந்தச் சாவிலும் என் பெயர் வந்துவிடும் என்று பயந்து அழுத்தவில்லையா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் கூவியது. “நில்லுங்கம்மா, அங்கேயே நில்லுங்க.”

நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி அவரை உட்காரவைத்தேன். நின்ற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு அளந்தேன். ஏழு முழு நடை, பிறகு இருபத்திரண்டு. இருநூற்று முப்பத்திரண்டு. மூச்சு வாங்குவதற்குப் பத்துக்கு எவ்வளவு கொடுப்பீங்க என்று கேட்டேன், ஏழு விரலைக் காட்டினார். கொஞ்சம் தள்ளிப் போய் டாக்டர் ஃபெலிக்ஸுக்குப் போன் போட்டேன்.

“இருநூத்தி முப்பத்திரண்டு, சார்.”

“இடையில நின்னாங்களா?”

“நாப்பது செகண்ட்.”

“வியாழக்கிழமை வேண்டாம். ஆறு வாரம் கழிச்சுத் திரும்ப நடக்க வைங்க. அதுவரைக்கும் மஞ்சள் ஏறாம இருக்கணும்.” ஏறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. “முன்னாடி முந்நூறுக்கு மேல இருந்துச்சுல்ல, வடிவு? என்ன பயிற்சி குடுத்தீங்க?”

“நடை மட்டும், சார்.”

“நான் எடை எழுதியிருந்தேனே?”

“எழுதியிருந்தீங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். திரும்பி வந்தேன். ஆறு வாரம் என்று இருவருக்கும் சொன்னேன். ஆவுடையப்பன் அந்த உறையைப் பொறுக்கித் தூசி தட்டினார். இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், அடுத்த தேதியை எழுதி அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. தோன்றிக்கொண்டிருக்கும்போதே தரையில் அவர் எதிரே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

“போன தடவ நான் எழுதிக் குடுத்தது பத்தாதும்மா. காலுக்கு வலு குடுக்கிற பயிற்சி சொல்லுங்கன்னு டாக்டர் எழுதியிருந்தாங்க. நான்தான் குடுக்கல.”

“ஏன் மேடம்?”

“இன்னொருத்தருக்குக் குடுத்தேன். அவருக்கு ரத்தம் வந்து இறந்துட்டாரு. அதுல இருந்து பயம்.”

அவர் என்னையே பார்த்தார். கண்ணில் மஞ்சள் இருந்தது, நான் காலையில் குறித்ததைவிட ஒரு பிடி கூடுதலாக.

“நான் வேற மாதிரில்லா நெனச்சேன்” என்றார். “அன்னைக்கு எனக்கு அடுத்தாப்ல ஒரு அம்மா வந்தாவல்லா, முட்டு ஆபரேஷன் பண்ணவுக. அவுகளுக்கு ரப்பர் பட்டை, தண்ணி பாட்டிலு, நாக்காலின்னு எல்லாம் வச்சு அரைமணி நேரம் சொல்லிக் குடுத்திய. எனக்கு வீட்டுக்குள்ள பத்து நிமிசம்னிய. சரி, நமக்கு இனிமே ஒண்ணும் இல்ல போலுக்கு, வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு ஒரு சீட்டு குடுத்து அனுப்புதாவன்னு நெனச்சேன். அந்தப் பத்து நிமிசமும் நான் நடக்கல மேடம். படுத்தே கெடந்தேன். செவ்வாயும் வெள்ளியும் பட்டினி வேற கெடந்தேன், பிள்ளைக்காவது ஒண்ணும் ஆகாம இருக்கணும்னு.”

“சேலையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டா” என்றார் ஆவுடையப்பன். அவர் இன்று பேசிய முதல் பேச்சு அது. “மதினிமாரு நாலு பேருக்கும். நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல.”

“உடுத்துக்க மூணு வச்சிருக்கேன்” என்றார் முத்துப்பேச்சியம்மா.

மன்னிச்சுக்கோங்க என்ற சொல் ஒன்று இருக்கிறது, அதை எடுத்தேன், அது என் பயத்தைவிடச் சின்னதாக இருந்தது. எழுந்து அவர் மூச்சு அடங்கும்வரை நின்றேன். பிஸ்கட் கொடுத்துச் சாப்பிட வைத்தேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். “இனிமே பட்டினி கெடக்கக் கூடாது. படுக்கப் போகும்போதும் ஏதாவது சாப்பிட்டுத்தான் படுக்கணும். இப்ப கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு எந்திரிச்சு நில்லுங்க. எந்திரிக்கும்போது மூச்ச வெளிய விடணும், அடக்கக் கூடாது, முக்கக் கூடாது. வாயத் திறந்து ஊதிக்கிட்டே எந்திரிங்க.” இந்த முறை சொன்னேன். சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது. ஆவுடையப்பனிடம், நீங்க கேட்டீங்கல்ல, ஒருக்கச் சொல்லுங்க என்றேன், அவரும் திருப்பிச் சொன்னார்.

முதல் தடவை எழுந்தார். தொடை நடுங்குவது சேலைக்கு வெளியே தெரிந்தது. இரண்டாவது எழுந்தார். மூன்றாவதில் கையைக் கட்டியிருக்க முடியவில்லை, தொடையில் ஊன்றி எழுந்தார், ஊன்றிக்கோங்க என்றேன். நாலாவது பாதியில் நின்று, ஊதி, மிச்சமும் எழுந்தார். உட்கார்ந்தார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. நான் அவர் உதட்டையும் வியர்வையையும் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினார். “மூத்த மதினிட்ட அந்த ஊதாச் சேலைய மட்டும் திருப்பிக் கேப்பமா?”

ஆவுடையப்பன் என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல் பார்த்தார். ஆறு வாரம், நாற்பத்திரண்டு நாள், பதினெட்டு மீட்டர். கேளுங்க என்று சொல்ல எனக்கு எந்த ரிப்போர்ட்டும் இல்லை. கேக்காதீங்க என்று சொல்லவும் இல்லை.

“இன்னொரு தடவ எந்திரிங்கம்மா” என்றேன்.